இடது பின்பக்கம்

போனை வைத்த பிறகும் சென்னியப்பனுக்குக் கோபம் ஆறவில்லை. ஆறிவிடக் கூடாது என்று அவனே அதை விசிறிவிட்டுக்கொண்டும் இருந்தான், ஏனென்றால் கோபம் எழுந்து போனால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும், அது என்னவென்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. உன்ற ஸ்க்ரூ ஒயர்ல ஏறியிருக்குது ரத்தினம், ரெண்டு ஒயரையும் சேத்துக் குத்தி வெச்சிருக்கறே, இடதுல வர வேண்டியது வலதுல வருது, வெரசா வந்து பலகையப் பிரி. இப்படித்தான் ஆசாரியிடம் கத்தினான். ரத்தினம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'பாத்துத்தானுங்ணா முடுக்குனேன், செரி வர்றேனுங்' என்று மட்டும் சொன்னான். எதிர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், திட்டத் திட்ட ஸ்க்ரூ ஏறியது உண்மையாகிக்கொண்டே போயிருக்கும். கரூரில் கோகிலாவின் வீட்டு மாடியில், ஜன்னல்களை அடைத்து, மூன்று சுவரில் கறுப்புத் துணியும் பின்சுவரில் தேக்குப் பலகையுமாகப் பட்டப்பகலிலேயே இருட்டிக் கிடந்த அந்த சினிமா ரூமின் நடு நாற்காலியில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். ரத்தினம் வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்படிச் சொல்லக் கூடாது, செய்வதற்கு ஒன்று இருந்தது, மீட்டர் காலடியில் பைக்குள்தான் கிடந்தது, அதன் இரண்டு முனையையும் ஒயரில் வைத்தால் ஸ்க்ரூ ஏறியிருக்கிறதா இல்லையா என்று மூச்சு விடுவதற்குள் தெரிந்துவிடும். அதில் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். நேற்றுத்தான் புது பேட்டரி போட்டிருந்தான்.

எல்லாம் அந்தக் குசுகுசுப்பால் வந்தது. மற்றவர்கள் மைக்கை நட்டு வைத்து, கம்ப்யூட்டரில் கோடு வரைந்து சத்தத்தைச் சரிபார்ப்பார்கள். சென்னியப்பனுக்கு அதெல்லாம் கிடையாது, காதுதான். வேலை முடிந்ததும் நடு நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தை ரகசியம் பேசுகிற அளவுக்குக் குறைத்து, சொய்ங் என்ற சோதனை இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓட விடுவான், ரகசியத்தில் எல்லாம் ஒரே மாதிரி வந்தால் அந்த ரூம் தேறிவிட்டது என்று அர்த்தம். கோயம்புத்தூரில் இருந்து மைக்கோடு வருகிறேன் என்ற கம்பெனியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு கோகிலா அவனைக் கூப்பிட்டதே இதற்காகத்தான். 'உங்க காதுக்குத்தானுங்ணா இந்த ரூமு' என்று அவளே சொன்னாள், சொன்னபோது அவனுக்குத் தோள் இரண்டும் ஒரு பிடி உயர்ந்தது. இன்றைக்கு முன்பக்கம் மூன்றும் வந்தன, வலது பின்பக்கம் அருமையாக வந்தது, இடது பின்பக்கம் வந்தபோது ரூமில் ஏசியின் மூச்சைத் தவிர எதுவும் இல்லை. ரிமோட்டைத் தட்டினான். திரும்ப ஓட விட்டான். எல்லாம் வந்தன, அது வரவில்லை. சத்தத்தை ஏற்றினான், வந்தது, ஆனால் வலது மூலையில் இருந்து வந்தது, பேய் புகுந்த மாதிரி இடத்தை மாற்றிக்கொண்டு வந்தது. இடது பக்கச் சத்தம் வலது பக்கம் வருகிறது என்றால் ஒயர் இரண்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டு ஒயரும் சேர்ந்து ஓடுகிற இடம் ரத்தினத்தின் பலகைக்குப் பின்னால்தான், ஆகவே ரத்தினத்தின் ஸ்க்ரூ. கணக்கு எவ்வளவு சுத்தமாக வருகிறது பார், யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். முன்பக்க இடதுகூட இன்றைக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தது, அதற்கு எந்த ஸ்க்ரூ காரணம் என்று மனசு கேட்டது, அது துணியால் இருக்கும், துணி கனமான துணி, என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். சத்தத்தைப் பழையபடி ரகசியத்துக்கு இறக்கி, இடது பின்பக்கத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டு, இப்போது அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பூச்சுக்கூடப் பூசாத காலத்தில் இந்த ரூமுக்குள் முதலில் நுழைந்தவன் அவன். தரையில் சாக்பீஸால் சோபாவை வரைந்தான், திரையை வரைந்தான், கோகிலாவின் பையன் கார் ஓட்டுகிற விளையாட்டுக்கு ஸ்டியரிங் வைத்த சீட் எங்கே, மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுடுகிற விளையாட்டுக்கு மேஜை எங்கே என்று எல்லாம் கோடுதான். கோகிலாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாக்பீஸ் சோபாவுக்குள் உட்கார வைத்து, சுவரில் இருந்து சுவருக்கு அவள் காது உயரத்தில் நூல் கட்டினான். ஏனுங்ணா, எனக்குக் கல்யாணமா பண்ணி வெக்கிறீங்க இப்பிடிக் கட்டிப்போட்டு, என்று அவள் சிரித்தாள். அந்த நூல் தொட்ட இடங்களில்தான் ஸ்பீக்கர், அதற்கேற்பத்தான் குழாய், குழாய்க்கேற்பத்தான் ஒயர், எல்லாம் ஒரு காதில் இருந்து புறப்பட்டது. ரத்தினம் பிறகு வந்து அந்தக் குழாய்களின் மேல் ஒரு விரல் அகலச் சட்டங்களாகத் தேக்கை இழைத்து நிறுத்தினான், ஸ்பீக்கருக்கு மட்டும் வாய் விட்டு, அதற்கும் துணிமூடி போட்டு, பார்க்கிறவன் தடவிப் பார்க்காமல் போக மாட்டான். பிரித்தால் அது பழையபடி வராது, ஒரு சட்டம் போனால் வரிசையே போய்விடும், ரத்தினத்துக்கும் தெரியும், தெரிந்துதான் செரி வர்றேனுங் என்றான். இந்த வீட்டு வேலையைப் பார்த்துவிட்டுக் கோகிலாவின் நாத்தனார் வீட்டுச் சமையலறை மரவேலையை அவனுக்கே கொடுப்பதாகப் பேச்சு. சற்று முன் கதவோரம் வந்து நின்று போன் பேச்சைக் கேட்ட கோகிலாவின் முகம் போன போக்கை நினைத்தால், 'சாயங்காலம் படம் பாக்க எல்லாரும் வர்றாங்ணா, இன்னிக்குப் போயி செவுத்தப் பிரிக்கறதுன்னா எப்பிடிங்' என்று அவள் கேட்ட குரலை நினைத்தால், அந்தச் சமையலறை இனி ரத்தினத்துக்கு இல்லை. இருக்கட்டும், ஸ்க்ரூ ஏற்றியவன் அனுபவிக்கட்டும். ஏற்றியிருந்தால். இந்த 'ஏற்றியிருந்தால்' எங்கிருந்து வந்தது? கோபம் எழுந்து போகப் பார்க்கிறது. பிடித்து உட்கார வைத்தான்.

ரத்தினத்திடம் ஒரு கோணங்கித்தனம் உண்டு, பேச வந்தால் சென்னியப்பனுக்கு இடப்பக்கம் நிற்கவே மாட்டான், எத்தனை நெருக்கடியான இடமானாலும் ஏணியைத் தாண்டி, மூட்டையைத் தாண்டி, சுற்றி வந்து வலப்பக்கம்தான் நிற்பான், ஏதோ சகுனம் பார்க்கிறான், ஆசாரிகளுக்கு ஆயிரம் சாங்கியம் என்று சென்னியப்பன் நினைத்துக்கொள்வான். இப்போது எதற்கு அந்த நினைப்பு. ஏசி ஓடுகிறது. அதற்குள்ளே மெல்லிசாக இன்னொரு சத்தம், ஈ ஈ என்று, அது ஏசியில் இருந்து வரவில்லை, அது கொஞ்ச காலமாக அவனோடேயே வருகிறது, ராத்திரி தலையணையில் இடது காதை அழுத்திப் படுத்தால் கூடுகிறது. சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த காலத்தில் மாரியம்மன் நோம்பியென்றால் கண் விழித்து, ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி, ஜெனரேட்டர் பக்கம் போனால் புகை அடிக்கும் என்று பெட்டிகளின் ஓரத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவான். பெட்டிகள் எப்போதும் இடப்பக்கம், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் வலக்கைக்கு வாகாக வலப்பக்கம். இடுப்பெலும்பு வரைக்கும் அதிரும், நெஞ்சுக்குள் யாரோ கைத்தட்டுகிற மாதிரி இருக்கும், அது பிடித்திருந்தது, அந்த அதிர்வில்தான் காலேஜ் போன சேக்காளிகளை விடத் தான் ஒரு படி மேல் என்று தோன்றியிருந்தது. காது இரண்டும் ஒன்றுதானே, ஒன்று போனால் இன்னொன்றும் போக வேண்டாமா, போகவில்லையே, வலது நன்றாகத்தானே இருக்கிறது. இதை நினைக்கவே கூடாது. பூங்கொடியை நினை. அவன் மனைவி பூங்கொடி வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் வழியெல்லாம் பேசுவாள், பக்கத்து வீட்டுச் சண்டை, பால்காரன் தண்ணீர், மகளின் மார்க்கு, எல்லாம் அவன் இடது தோளுக்கு மேல் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் பேசுவாள், கல்யாணம் ஆனதில் இருந்தே அப்படித்தான். இப்போது வலது தோள். எப்போது மாறினாள்? போன பொங்கலுக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போனபோது வலதுதான். அதற்கு முன்? கட்டிலிலும் அவள் இடம் மாறிப் படுக்கிறாள், ஜன்னல் காத்து ஆகல மாமா, அந்தப் பக்கம் படுத்துக்கறேன் என்றாள், அந்தப் பக்கம் ஜன்னலே இல்லாத பக்கம், கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ரிமோட்டைக் கீழே வைத்தான்.

மீட்டரை எடுத்தான். எடுத்துவிட்டான் என்பது கையில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆம்பை நிறுத்தி, பின்னால் குனிந்து, இரண்டு பின்பக்க ஒயர்களையும் கழற்றி, மீட்டரின் ஒரு முனையை ஒன்றிலும் மறு முனையை இன்னொன்றிலும் வைத்தான். ஒட்டியிருக்கணும், கருப்பராயா, ஒட்டியிருக்கணும். ஒயர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்ட ஒரே எலக்ட்ரீசியன் அவனாகத்தான் இருப்பான். ஒட்டியிருந்தால் கீச்சென்று கத்த வேண்டிய மீட்டர் வாயே திறக்கவில்லை. இரண்டு ஒயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இடது ஒயரைத் தனியாகப் பார்த்தான், அது சொல்ல வேண்டிய எண்ணைச் சமர்த்தாகச் சொன்னது. ஒயர் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கர் வரைக்கும் போகிறது, ரத்தினத்தின் ஸ்க்ரூ எதையும் தொடவில்லை. உடனே போனை எடுத்து, வராதே ரத்தினம், ஒயர் நல்லாத்தான் இருக்குது என்று சொல்லியிருக்க வேண்டும். கை போன் வரைக்கும் போனது. அப்போதுதான் ஆம்ப் ஞாபகம் வந்தது, ஏன், ஆம்பில் அந்த ஒரு இடம் மட்டும் போயிருக்கக் கூடாதா, புதுசு என்றால் கெடாதா, புதுசுதான் முதலில் கெடும். கோபத்துக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதில் அவனுக்கு ஒரு நிமிஷம் இளைப்பாறக்கூட முடிந்தது. வலது பின்பக்கத்து ஒயரைக் கொண்டுபோய் இடதின் வாயில் மாட்டினான், ஆம்பைப் போட்டான், ரகசியத்தை ஓட விட்டான், வலது மூலையில் இருந்து அருமையாக, பட்டுத் துணி கிழிகிற மாதிரி வந்தது. ஆம்பும் நன்றாக இருக்கிறது. ஒயர்களைப் பழையபடி மாட்டினான். இனி ஸ்பீக்கர் ஒன்றுதான் மிச்சம். எழுந்து போய்த் துணிமூடியைக் கழற்றிக் கூம்பில் விரலை வைத்து அதிர்கிறதா என்று பார்த்தால் போதும், நான்கு எட்டு நடந்தால் போதும். அவன் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். இடது பின்பக்கத்தை ஓட விட்டான். ஏசி. ஈ ஈ. வேறொன்றும் இல்லை.

ரத்தினம் வருகிறானா என்று பார்க்கலாம் என்று நினைத்தான். கதவு பின்சுவரில் இருந்தது, திரையைப் பார்த்து உட்கார்ந்தவனுக்கு வருகிறவன் தெரியாது, இந்த ரூமில் படியேறுகிற சத்தமும் கேட்காது, ஆகவே நாற்காலியைத் திருப்பித்தான் ஆக வேண்டும், கதவைப் பார்ப்பதற்காக, வேறு எதற்காகவும் இல்லை. இதை அவன் தனக்குத் தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டான். நாற்காலி சுழல்கிற நாற்காலி, காலை ஊன்றித் தள்ளினான். பாதி சுற்றுவதற்குள் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று சொல்லக் கூடாது, இருந்தது, அத்தனை நேரமும் அங்கேயே இருந்தது, இடது பின்பக்கத்து மூலையில் துணிமூடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொய்ங் என்று, மற்ற ஸ்பீக்கர்களைப் போலவே ஒழுங்காக, ஒரு குறையும் இல்லாமல். அவன் திரும்பவும் திரையைப் பார்க்கச் சுற்றினான். போய்விட்டது. கதவுப் பக்கம் சுற்றினான். இருந்தது. திரை. இல்லை. கதவு. இருந்தது. பாப்பாக்கள் சுவிட்சைப் போட்டு அணைத்து விளையாடுகிற மாதிரி அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், ஒரு தடவையாவது மாறும் என்று, ஒரு தடவை தப்பினால் போதும் என்று. கடைசியில் வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூலையைப் பார்த்தபடியே உட்கார்ந்தான். ரூம், ஏசி, சொய்ங், எல்லாம் ஒரே இழுப்பில் போயின. ஈ ஈ மட்டும் மிஞ்சியது. உள்ளுக்குள் இருந்து வருவது மட்டும்தான் இந்தக் காதில் கேட்கிறது. அவன் பயந்தான். வேலை போய்விடும் என்று பயந்தான், ஊருக்குள் செவிட்டுச் சென்னியப்பன் என்பார்கள் என்று பயந்தான், வலதும் ஒருநாள் இப்படிப் போய்ப் பூங்கொடியின் பேச்சே இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டு போவோம் என்று நினைத்தபோதுதான் நிஜமாகப் பயந்தான். ரத்தினத்தைக் கூப்பிட வேண்டும். வராதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பான். கேட்க மாட்டான், அவன் எதையும் கேட்காத ஆள். கேட்டால்? இல்லையென்றால் பிரிக்கட்டுமே, ஒரு சட்டத்தைப் பிரித்து, உள்ளே கையை விட்டு, இந்தா ஒயர் நசுங்கியிருந்தது என்று சொல்லிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள், பிறகு ஒரு மைக் வாங்கி, பேருக்குக் காதை வைத்துக்கொண்டு, மைக்கை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம், ஒரு ஆசாரிக்கு ஒரு சமையலறை போனால் ஆயிரம் சமையலறை இருக்கிறது. இப்படி நினைத்தவன் தான்தானா என்று அவனுக்கே கூசியது. கூசினாலும் போனை எடுக்கவில்லை. காதைப் பொத்திய கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தான், கதவைப் பார்க்கத்தான் திரும்பினோம் என்பதே மறந்துபோய்க் கண்ணையும் மூடிக்கொண்டான்.

தோளில் கை விழுந்ததும் தூக்கிவாரிப் போட்டது.

'எத்தன தடவைங்ணா கூப்புடறது' என்றான் ரத்தினம். ஒரு கையில் உளி, தோளில் சுத்தியல் இருந்த பை. முழுக்க வேர்த்திருந்தான், வண்டியை விரட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சென்னியப்பன் வலது காதில் இருந்து கையை எடுத்தான். ரத்தினத்தின் கண் அந்தக் கையில் ஒரு நொடி நின்றது. பிறகு அவன் தலையைத் திருப்பி இடது பின்பக்கத்து மூலையைப் பார்த்தான். அங்கே சொய்ங் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். ரத்தினம் பலகையைப் பார்க்கவில்லை, ஒயர் என்றோ ஸ்க்ரூ என்றோ எதுவும் கேட்கவில்லை, அவன் கேட்காததே சென்னியப்பனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பின்னாலேயே கோகிலா வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே ஒரு எட்டு வைத்து நின்று காதைக் கொடுத்தாள்.

'இப்ப வருதுங்ளே?'

ரத்தினம் முந்திக்கொண்டான். 'ஆமாங் மேடம். என்ற ஸ்க்ரூ ஒண்ணு சித்த அழுத்தியிருந்துச்சுங், இப்பத்தான் லூஸ் பண்ணி வுட்டேன். பிரிக்க வேண்டியதில்லீங்.'

உளி அவன் கையில் சுத்தமாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை அவன் பையில் இருந்து எடுக்கக்கூட இல்லை.

'நல்ல வேலை பாத்தீங்க போங்க' என்றாள் கோகிலா. 'அண்ணன் மட்டும் கண்டுபுடிக்கலைன்னா சாயங்காலம் எல்லாரு முன்னாலயும் மானம் போயிருக்கும். எங்க நாத்தனார் வீட்டுல உங்களப் பத்தி அவ்ளோ தூரம் சொல்லி வெச்சிருக்கறேன். நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு இனி அவங்ககிட்டப் பேசறது?'

'தப்புத்தானுங்' என்றான் ரத்தினம்.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும். ஸ்பீக்கர் வருகிறது, பலகை பிழைத்தது, அண்ணன் கண்டுபிடித்தார் என்று கோகிலாவே சொல்லிவிட்டாள், சாயங்காலம் அவளுடைய பிள்ளைகள் விளக்கை அணைத்துவிட்டு இதில் உட்காருவார்கள், எல்லோரும் காதைப் புகழ்வார்கள். ரத்தினம் குனிந்து பையின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தான், அவன் பிடரியில் மரத்தூள் வேர்வையோடு ஒட்டியிருந்தது, எங்கேயோ இழைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறான். தப்புத்தானுங். யாருடைய தப்பு? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வந்தானே, வருவதற்கு முன்பே தெரிந்துதான் வந்தானா? சென்னியப்பன் பேசினான், குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்றுகூட அவனால் சொல்ல முடியாது.

'இல்லீங் மேடம். அவன் எதையும் லூஸ் பண்ணல. ஸ்க்ரூவும் அழுத்தல. ஒயரு, ஆம்பு, ஸ்பீக்கரு எல்லாமே காலைல இருந்து நல்லாத்தானுங் இருக்குது. எனக்குத்தான் இந்தக் காது கேக்கல.'

சொல்லிவிட்டு இடது காதைத் தொட்டுக் காட்டினான், எந்தக் காது என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிடப் போகிறது என்பது போல.

கோகிலா அவனைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள். கையில் இருந்த போன் அடித்தது, எடுத்துக் காதில் வைத்து, 'ஆமாக்கா, அஞ்சு மணிக்கு வந்துருங்க' என்றவள், 'இருங்கக்கா, கூப்புடறேன்' என்று வைத்துவிட்டாள். முகத்தில் இருந்தது கோபமா, கணக்கா, பாவம் பார்ப்பதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

'அப்ப இத யாருங்ணா சரிபாக்கறது?' என்று கேட்டாள்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, நேராக வந்து, எழுந்திருங்க என்று கையைக் காட்டி, அவன் எழுந்ததும் நடு நாற்காலியில் திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். 'நூலு கட்டுனது என்ற காதுக்குத்தானே. ஒண்ணொண்ணா வுடுங்க. நான் சொல்றேன். சரியா வரலைன்னா மூணு மணிக்குள்ள கோயம்புத்தூருக்கு போன் பண்ணிருவேன், இப்பவே சொல்லிப்போட்டேன்.'

சென்னியப்பன் ரிமோட்டைக் கையில் எடுத்தான். அவள் சொல்வது தன் காதில் விழுமோ விழாதோ என்று ரத்தினத்தைப் பார்த்தான். ரத்தினம் உளியைப் பையில் போட்டு மூலையில் வைத்துவிட்டு, நாற்காலியைச் சுற்றி, ஒயர் சுருளைத் தாண்டி, மூடாமல் கிடந்த மீட்டரைத் தாண்டி வந்து, எப்போதும் நிற்கிற அந்த வலப்பக்கத்தில் நின்றுகொண்டு, 'வுடுங்ணா' என்றான்.